ரெண்டு மிஷின் ராணி

“வெட்டத் தெரியலைன்னா தள்ளி நில்லும்மா!”

மேனேஜர் எபனேசர் கத்த, பேண்டேஜ் கம்பெனியே சிரித்தது. இந்து வெட்டிய துணி கோணல்மாணலாகக் கிடந்தது.

ஜாஸ்மினுக்குக் குஷி தாங்கவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து இராஜபாளையத்துக்கு ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸில்தான் வேலைக்கு வருவார்கள். துணி உருட்டும் மிஷினில் ரெண்டு பேருமே புலி. இன்றைக்கு வெட்டும் மிஷினையும் சேர்த்து ஓட்டிக் காட்டுகிறவள்தான் லைன் லீடர்.

“ஓட்டக்காரன் சும்மா ஓடிக்கிட்டே இருந்தாப் பத்தாது. சைக்கிள் மிதிக்கணும், நீச்சல் அடிக்கணும். அப்பத்தான் ஜெயிப்பான்” என்று ஒரு வாரமாக எபனேசர் சொல்லிச் சொல்லி எல்லார் காதும் புளித்திருந்தது. “வேலையும் அப்படித்தான். ஒரு ஆளுக்கு ரெண்டு மிஷின் தெரியணும். இதுதான் கிராஸ் ட்ரெய்னிங்!”

“அடுத்து ஜாஸ்மின்!”

ஓடிப்போய் நின்றாள். தினமும் அந்த வெட்டும் மிஷினை ஓட்டுகிற பரிபூரணம் அக்கா நகர்ந்து இடம் விட்டாள்.

“பதறாதட்டி. துணிய இழுக்காத, அதுவா வரும்.”

சரக், சரக், சரக். ஓர் இழை பிசகவில்லை. அங்கிருந்து ஒரே தாவில் உருட்டும் மிஷின். ரெண்டும் ஓட, நடுவில் ஜாஸ்மின் பம்பரமாகச் சுற்றினாள். விசில் பறந்தது. எல்லாரையும்விடச் சத்தமாகக் கைதட்டியது பரிபூரணம் அக்காதான்.

“இவதான் லைன் லீடர்!” என்றார் எபனேசர்.

சாயங்காலம் பஸ்ஸில் ஜாஸ்மினுக்கு வாய் ஓயவில்லை.

“ஏட்டி இந்து, நீயும்தான ஒரு வாரமா பழகுன? அம்புட்டும் எங்கட்டி போச்சு? சின்னப்புள்ள கூட உன்னைவிட நேரா வெட்டும்!”

இந்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பஸ் கிளம்பும்போது பரிபூரணம் அக்கா ஓடிவந்து ஏறினாள். கையில் ஒரு பெரிய பை. டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், மாற்றுச் செருப்பு எல்லாம் பிதுங்கிக்கொண்டு நின்றன.

“என்னக்கா, வீடு மாத்துறீகளா?” ஜாஸ்மின் சிரித்தாள்.

“ரெண்டு மிஷினுக்கும் நீ ஒருத்தியே போதுமாம்ட்டி. நாளையிலருந்து என்னை வர வேண்டாம்னுட்டாரு.” அக்கா அவள் கன்னத்தைத் தொட்டாள். “நல்லாத்தாம்ட்டி ஓட்டுன.”

சொல்லிவிட்டு முன் சீட்டுக்குப் போய்விட்டாள்.

ஜாஸ்மின் இந்துவைப் பார்த்தாள்.

இந்து மெதுவாகக் கேட்டாள்: “நான் வேணும்னுதாம்ட்டி கோணலா வெட்டுனேன். நாளைக்கு நீயும் கோணலா வெட்டுவியா?”