ஞிமிறு

நாச்சம்மைக்கு அகராதியைத் தோன்றிய பக்கத்தில் பிரித்து மேய்வதில் அப்படியொரு சுகம். பிடித்த சொல் அகப்பட்டால் கணவர் சாத்தப்பனிடம் ஓடுவாள். அவருடைய காதுக்கருவியோ, கடினமான சொற்களைக் காதில் விழுமுன்பே எளிய சொற்களாக மாற்றிவிடும்.

“ஞிமிறு!” என்றாள் அன்று.

“தேனீயா? எங்க?” என்று அவர் ஜன்னலைப் பார்த்தார்.

அவள் முகம் வாடியது. “இனிமே ஒங்ககிட்ட எதுவும் சொல்லலை” என்று அகராதியை மூடினாள்.

சாத்தப்பன் கருவியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அது இல்லாவிட்டால் அவருக்கு இடிகூட முணுமுணுப்புதான். நாற்காலியை இழுத்துப் போட்டு, காதை அவள் வாயருகே கொண்டுவந்தார்.

“இப்பச் சொல்லு, சத்தமா.”

அவள் கத்தினாள். நான்காம் தடவைதான் அவர் உதடுகள் அசைந்தன.

“ஞி... மிறு. அட, சொல்லும்போதே மூக்குக்குள்ள ரீங்காரம் கேக்குதே!”