ஞாயிற்றுக்கிழமை வேலை

"அந்தச் சீனாக்காரனை வெளிய வரச் சொல்லு!"

ஊர்த்தலைவர் தவிட்டா போட்ட சத்தத்தில் பெனினாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே தங்கை சலோமே பிரசவ வலியில் துடித்துக்கொண்டிருந்தாள். வெளியே இவர். இவருக்குப் பின்னால், தேவாலயத்துக்கு உடுத்திய வெள்ளை உடுப்போடு இருபது இளவட்டங்கள்.

"ஐயா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க. குழந்தைக்குக் கால் முன்னால வருது."

"மெதுவாப் பேச நேரமில்லம்மா. பட்டாளத்துக் குதிரைங்க ஆத்தைத் தாண்டியாச்சு. அவன் உள்ளதானே இருக்கான்?"

இருந்தான். அதுதான் வினை.

ஜெர்மன்காரனை விரட்டிவிட்டு சமோவாத் தீவுகளைப் பிடித்த நியூசிலாந்துப் பட்டாளம், புதிதாக ஓர் உத்தரவு போட்டிருந்தது. தோட்டத்துச் சீனக் கூலி எவனும் சமோவாக்காரர் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. இருந்தால் சிறை. அப்புறம் சீனாவுக்குக் கப்பல்.

உத்தரவு வருவதற்கு முன்பே சலோமேயோடு குடும்பம் நடத்திய ஆ லுங் என்ன செய்வான்? ஞாயிறு விடுமுறைக்கு வருவான். மரத்தடியில் உட்கார்ந்தபடியே பெண்டாட்டியோடு பேசிவிட்டுப் போவான். இன்றைக்கு அவள் போட்ட அலறலில் எந்த உத்தரவும் அவன் காதில் ஏறவில்லை.

"மச்சான், நீங்க ஓடிடுங்க" என்றாள் பெனினா உள்ளே பார்த்து.

மருத்துவச்சி நிமிராமலே சீறினாள். "அவன்தான் பின்னாலிருந்து அவளைத் தாங்கிட்டிருக்கான். கையை எடுத்தா ரெண்டு உயிருக்கும் நான் பொறுப்பில்ல."

"அவளையும் சேர்த்துத் தூக்கிட்டுப் போனா?" என்றார் தவிட்டா.

"அசைச்சாலே ரத்தம் கொட்டும்."

தவிட்டா ஒரு கணம் பல்லைக் கடித்தார். அப்புறம் இளவட்டங்கள் பக்கம் திரும்பினார்.

"கூரையைப் பிரிச்சுத் தூக்குங்கடா."

பெனினா அவர் குறுக்கே போய் நின்றாள். ஒருத்தர் வீட்டைப் பிரித்தால், ஊரைவிட்டே தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம். இந்த ஊரில் பிறந்த யாருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை.

"ஐயா! ஞாயித்துக்கிழமை எவனாச்சும் தேங்கா உரிச்சாலே பன்றியை அபராதமாப் பிடுங்குவீங்க. இன்னைக்கு வீட்டை இடிக்கலாமா? இது மட்டும் ஆண்டவருக்கு அடுக்குமா?"

"கயித்தை அறுங்கடா! என்னடா பார்த்துட்டு நிக்கிறீங்க?"

சுவரே இல்லாத, தூணும் கூரையும் மட்டுமான வீடு அது. கத்திகள் ஏறின. தென்னை நார்க் கயிறுகள் அறுந்தன. இருபது பேரும் தோள் கொடுத்துக் கூரையை அப்படியே தூக்கிக்கொண்டு நடந்தார்கள். வெயில் சுளீரென்று சலோமேயின் முகத்தில் அடித்தது. ஆ லுங் குனிந்து தன் தலை நிழலை அவள் கண்மேல் விழச் செய்தான். கையை மட்டும் எடுக்கவில்லை.

"தூணையும் பிடுங்குங்க! ஒரு குச்சி நிக்கக் கூடாது."

"வெள்ளைக்காரன் சம்பளத்துக்கு இவ்வளவு விசுவாசமா? நாய்கூட இப்படி வாலாட்டாது!" பெனினா கையில் அகப்பட்ட தேங்காய் ஓட்டை வீசினாள். அது தவிட்டாவின் நெற்றியைப் பதம் பார்த்தது. வழிந்த ரத்தத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு, "அந்த மூலைத் தூணை விட்டுட்டீங்க பாரு" என்றார் அவர்.

அக்கம்பக்கத்துப் பெண்கள் வாய்விட்டே சபித்தார்கள். சபித்தபடியே ஓடிவந்து, பாய்களைச் சுற்றிலும் பிடித்து மறைத்தார்கள்.

கடைசித் தூண் போனது. குழந்தை வீல் என்று அழுதது. அதே நேரம் குதிரைகளும் வந்து நின்றன.

இளம் அதிகாரி குதித்து இறங்கினான். உடன் வந்த உள்ளூர்ப் போலீஸ்காரன் அவன் பேச்சை மொழிபெயர்த்தான்.

"சீனாக்காரன் ஒருத்தன் இங்க இருக்கான்னு தகவல். இருக்கானா?"

"இருக்கான் துரை" என்றார் தவிட்டா.

பெனினா அவரை எரித்துவிடுவதுபோல் பார்த்தாள். பாவி, கேட்ட வாயை மூடுவதற்குள்ளேயே காட்டிக் கொடுக்கிறானே!

அதிகாரி பாயை விலக்கினான். மடியில் சலோமேயும் கையில் குழந்தையுமாக ஆ லுங் உட்கார்ந்திருந்தான். ஓடவும் முடியாது, ஒளியவும் முடியாது.

"உனக்கு உத்தரவு தெரியாதா?" என்று தவிட்டாவிடம் பாய்ந்தான் அதிகாரி.

"தெரியாம என்ன துரை? ஊரைக் கூட்டி நான்தானே படிச்சுக் காட்டினேன். சீனாக்காரன் எங்க வீட்டுக்குள்ள இருக்கக் கூடாது. இருந்தா இப்பவே விலங்கு மாட்டிக் கூட்டிட்டுப் போங்க."

"அதான் இருக்கானே!"

"எந்த வீட்டுக்குள்ள, துரை?"

போலீஸ்காரன் உதட்டைக் கடித்துக்கொண்டு மொழிபெயர்த்தான். அதிகாரி அண்ணாந்து பார்த்தான். சுற்றிலும் பார்த்தான். சட்டைப்பையிலிருந்து உத்தரவை எடுத்து முதலிலிருந்து கடைசிவரை படித்தான். முகம் செக்கச்செவேல் என்று சிவக்க, உத்தரவை மடித்துப் பையில் திணித்துக்கொண்டு குதிரையில் ஏறினான்.

குதிரைகள் ஊர் முனையைத் தாண்டி மறையும்வரை தவிட்டா அசையவில்லை. பெனினாவால் அவர் நெற்றியைப் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

அவர் இளவட்டங்களை விரலசைத்துக் கூப்பிட்டார். அந்த ஊரில் யாருமே கேட்டிராத மெல்லிய குரலில் சொன்னார்.

"கூரையைக் கொண்டாந்து வைங்கடா. சத்தம் போடாதீங்க. பிள்ளை தூங்குது."