கெட்டி, நடு, மெத்து

“இன்னும் ஒரு போல்ட்தானே? அதுக்குள்ள கார் விக்கற விளம்பரத்தை எழுதி முடிச்சிடறேன்” என்றான் ஷூர்ட், காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு பூட்ஸ்களைப் பார்த்து.

“எழுது. ஆனா போடாதே” என்றன பூட்ஸ்கள்.

பூட்ஸ்களுக்குச் சொந்தக்காரன் வீபெ, ஷூர்டின் அக்கா கணவன். இரண்டே இருக்கை உள்ள சிவப்பு ஸ்போர்ட்ஸ் காருக்கு வீட்டு முற்றத்திலேயே நான்கு புது ஷாக் அப்சார்பர் மாட்டிக்கொண்டிருந்தான். துருப்பிடித்த ஒரே ஒரு நட்டோடு காலையில் இரண்டு மணி நேரம் போராடியிருந்தான்.

இப்போது சக்கரங்கள் தரையில் இருந்தன. காரின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகுதான் கீழ் போல்ட்டை முழுதாக முறுக்க வேண்டும். தூக்கி நிறுத்தியபடியே முறுக்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் திருகிக்கொண்டு கிழிந்துவிடும்.

அக்கா ஹிஸ்கெ காபியும் கேக்கும் கொண்டுவந்தாள். “சமையல் மேஜை மேல ஒரு ஸ்பிரிங் கிடக்கு. குழந்தையோட கஞ்சிக் கிண்ணம் அதுக்குள்ள உக்காந்திருக்கு.”

“அழகா பொருந்துதா?” என்றது அடியிலிருந்து குரல்.

“மூணு பேர், ரெண்டு சீட். எது பொருந்தலைன்னு உனக்கே தெரியும்.”

ஷூர்ட் தம்பிக்குரிய உரிமையோடு பெரிய கேக் துண்டாக எடுத்துக்கொண்டான். அவனுடைய பழைய ஏழு இருக்கை வண்டி வாசலில் நின்றது. சிவப்புக் கார் விற்றால் அந்த வண்டியை வாங்கிக்கொள்வதாக ஹிஸ்கெ சொல்லியிருந்தாள்.

வீபெ வெளியே வந்து எழுந்து நின்றான். இரண்டு மீட்டர் உயரம், அதில் பாதி கிரீஸ்.

“ஒவ்வொரு ஷாக்குக்கும் தலையில ஒரு குமிழ் இருக்கு. இப்படித் திருகினா கெட்டி, அப்படித் திருகினா மெத்து. ஒரு க்ளிக் மாத்தினாலும் எனக்கு முதுகுல தெரியும்.”

“தெரியாது.”

“தெரியும்.”

“பக்கத்து ஊர் போல்ஸ்வர்ட் வரைக்கும் கேக்குது உன் தம்பட்டம். நிரூபி பாக்கலாம்” என்றான் ஷூர்ட். “ஹிஸ்கெ திருகட்டும், நீ பாக்காதே. மூணு சுத்து ஓட்டிட்டு வந்து கெட்டியா, நடுவா, மெத்தான்னு சொல்லு. மூணும் சரின்னா கார் இங்கேயே இருக்கட்டும், நான் வாயைத் திறக்க மாட்டேன். ஒண்ணு தப்பினாலும் விளம்பரத்தைப் போட்டுடுவேன்.”

வீபெ மனைவியைப் பார்த்தான். “நீ என்ன சொல்றே?”

“நியாயமாத்தான் இருக்கு.” ஹிஸ்கெ பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தாள். “எப்படித் திருகினேன்னு எழுதி வெக்கறேன், காகிதம் என்கிட்டயே இருக்கும். ஷூர்ட், உனக்கும் காட்ட மாட்டேன். உன் முகம் கண்ணாடி ஜன்னல், அவன் படிச்சிடுவான்.”

வீபெ கொட்டகைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து நின்றான். ஹிஸ்கெ பானெட்டுக்குள் இரண்டு குமிழ், டிக்கிக்குள் இரண்டு குமிழ் திருகினாள். காகிதத்தில் எழுதி மடித்தாள்.

காரில் ஏறியதும் வீபெயின் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. “சீட்டை யார் இவ்வளவு முன்னால தள்ளினது?”

“வேலை பாக்கறப்போ நீயே தள்ளியிருப்பே. கிளம்பு, குழந்தை எழுந்துடும்” என்றாள் ஹிஸ்கெ.

தெருவின் மூன்று வேகத்தடைகளையும் தாண்டி, கால்வாய்க்கரையோடு போய்த் திரும்பி வந்தான்.

“கெட்டி. பல்லு ஆடிப்போச்சு.”

ஹிஸ்கெ காகிதத்தைப் பார்த்தாள். “சரி.”

மறுபடி கொட்டகை, மறுபடி குமிழ்கள், மறுபடி காகிதம்.

“நடு. பசு குறுக்கே வந்துச்சு, பிரேக் போட்டேன். காரோட மூக்கு அளவாத்தான் இறங்கிச்சு.”

“சரி.”

“குருட்டு அதிர்ஷ்டம்” என்றான் ஷூர்ட். கட்டைவிரலை மட்டும் போனுக்கு மேலேயே வைத்திருந்தான்.

மூன்றாவது சுற்றில் வீபெ சீக்கிரம் வரவில்லை. கரைமேல் கார் போகும் சத்தம் இரண்டு முறை கேட்டது. வந்து நிறுத்திய பின்னும் இறங்காமல் உட்கார்ந்திருந்தான். பதினோரு வருடமாக அந்த வீட்டில் இருக்கும் கார்.

“சொல்லு” என்றான் ஷூர்ட்.

“மெத்து மாதிரி... இல்லை. மறுபடியும் கெட்டி. முதல்ல வெச்ச அதே இடம்.”

“இதான் கடைசி பதிலா?”

வீபெ தலையசைத்தான்.

ஹிஸ்கெ மடிப்பைப் பிரித்தாள். தேர்வுத் தாள் திருத்துபவளைப் போல நிதானமாகப் படித்தாள். பெருமூச்சு விட்டாள்.

“சரி.”

வீபெ காரைவிட்டு இறங்கினான். பானெட்டை மெதுவாக ஒரு தட்டு தட்டிவிட்டு, கைகூடக் கழுவாமல் உள்ளே போனான். கொஞ்ச நேரத்தில் மாடி ஜன்னல் வழியே அவன் குரல் கேட்டது. குழந்தைக்கு எதையோ விளக்கிக்கொண்டிருந்தான்.

ஷூர்ட் விளம்பரத்தை அழித்தான். வாசலில் நின்ற தன் வண்டியை ஒரு முறை திரும்பிப் பார்த்தான்.

“மூணுக்கு மூணு. என்னால நம்பவே முடியலை. அந்தக் காகிதத்தைக் கொடு, பாக்கலாம்.”

ஹிஸ்கெ அதைச் சுருட்டி, பழைய ஷாக்குகளிலிருந்து எண்ணெய் வடிந்து நிறைந்திருந்த தட்டில் போட்டாள். அது கறுத்து அமிழும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மூணுமே தப்புடா. அதுக்காக என் காரை வித்துடுவேனா?”