பெயிண்ட் அடித்த பக்கம்

பைக் சரிந்து விழுந்ததில் அதன் இடப்பக்கத்துப் பிளாஸ்டிக் பேனல் விரிசல் விட்டது. வீட்டிலேயே ஒட்டிக்கொள்ளலாம் என்று வண்டிக்காரர் அதைக் கழற்றி வைத்தார்.

"உள்பக்கம் கம்பிவலை வைத்து உருக்கி ஒட்டினால்தான் தாங்கும். கொஞ்சம் சுடும், பொறுத்துக்கோ தம்பி," என்றது பக்கத்தில் சூடேறிக்கொண்டிருந்த பற்றவைப்புக் கருவியான சால்டரிங் அயர்ன்.

"உள்பக்கத்தை எவன் பார்க்கிறான்? மேலே பசை தடவிப் பெயிண்ட் அடித்தால் போதும்," என்றது பேனல். வண்டிக்காரரும் அதே கட்சிதான்.

புதுப் பளபளப்போடு வண்டியில் ஏறிய பேனலுக்குத் தலைகால் புரியவில்லை. "இத்தனை கீறலோடு வெளியே வர உனக்குக் கூச்சமாக இல்லையா?" என்று வலப்பக்கத்துப் பேனலைக் கேட்டது. அது பதில் சொல்வதற்குள் வேகத்தடை வந்துவிட்டது.

வண்டி நிற்காமல் போனது. நடுரோட்டில் இரண்டு துண்டாகக் கிடந்த பேனல், எதிரே லாரி வருவதைப் பார்த்தது. நல்லவேளை, பெயிண்ட் அடித்த பக்கம் மேலே இருக்கிறது என்று நிம்மதியடைந்தது.