கதவுக்கடியில் ஒரு சந்து

"இதுக்கு மேல என்னால முடியாது தங்கச்சி. வேற ஆளைப் பாத்துக்கோங்க!"

தச்சர், காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துக் கருவிப் பைக்குள் போட்டார்.

பழைய வீடு. உள்ளே இருக்கும் ஐந்து கதவுகளையும் மாற்றும் வேலை. நான்கு கதவுகள் மூன்றே நாளில் கச்சிதமாக உட்கார்ந்துவிட்டன. விரல் நுனியால் தள்ளினாலே சத்தமில்லாமல் போய் நிலையில் சேர்ந்துகொண்டன. ஐந்தாவதில், மருமகளின் படுக்கையறைக் கதவில்தான் வம்பு.

"மத்ததுக்கெல்லாம் கீழே அரை விரல் சந்து விட்டீங்க, சரி. இதுக்கு மட்டும் பழைய கதவுல இருந்த மாதிரியே பெரிய சந்து வேணும்ணே" என்றாள் மருமகள்.

"அது அடிப்பக்கம் உளுத்துக் கொட்டினதால வந்த சந்தும்மா! புதுக் கதவுல அப்படி விட்டா, பாக்கிறவன் என்ன சொல்வான்? 'அளக்கத் தெரியாம அறுத்தவன் எவன்டா'ன்னு என்னைத்தான் கேப்பான். இருபத்தெட்டு வருஷமாச் சேத்து வச்ச பேரு."

அவருக்கே மனசு கேட்கவில்லை. கொஞ்சம் இறங்கி வந்தார்.

"காத்து வரணுமா? மேல சின்னதா ஒரு ஜன்னல் வச்சுத் தரேன். பூனை கீனை போய் வரணுமா?"

"காத்தும் இல்ல, பூனையும் இல்ல. சந்து வேணும், அவ்வளவுதான்."

கூடத்து நாற்காலியில் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த மாமியாருக்கு அதற்கு மேல் வாய் நிற்கவில்லை.

"நீங்க சொல்றதுதான் நியாயம் தம்பி. அந்தச் சந்துல கரப்பான்பூச்சி குடும்பம் குடும்பமாப் போயிட்டு வருது. போன மாசம் ஒரு எலி, காலிங்பெல் அடிக்காத குறைதான்!"

"அத்தை, நீங்க சும்மா இருங்க."

"நான் ஏன் சும்மா இருக்கணும்? கதவை மாத்து, கதவை மாத்துன்னு ஆறு மாசமா என் பிள்ளை உயிரை எடுத்தவ நீ. இப்போ புதுசுலயும் ஓட்டை கேக்குறே. பேசறதெல்லாம் மாமியார் காதுல விழட்டும்னு எந்த மருமகளாவது சந்து கேப்பாளா?"

தச்சர் சிரித்துவிட்டார். மருமகள் சிரிக்கவில்லை.

"சந்து இல்லேன்னா இந்தக் கதவே வேண்டாம்ணே. பழசையே மாட்டிட்டுப் போங்க."

தச்சர் அவள் முகத்தை ஒரு தடவை பார்த்தார். பைக்குள் கைவிட்டுப் பென்சிலைத் தேடி எடுத்தார்.

"சரி, என் பேரு போனாப் போகுது. ரெண்டு விரலா, மூணு விரலா? சொல்லுங்க, கோடு போட்டு அறுத்துடறேன்."

"விரல் கணக்கு வேண்டாம். கதவை நிலையோட ஒட்டி நிறுத்தி, கீழே ஆப்பு வச்சுத் தூக்குங்க. எப்போ நிறுத்தணும்னு நான் உள்ளே இருந்து சொல்றேன்."

அவள் அறைக்குள் போனாள். தச்சர் புதுக் கதவை நிறுத்தினார். உள்ளிருந்து குரல் வந்தது.

"அத்தை, கொஞ்சம் வாங்க. கீழ உக்காந்து, கையை உள்ளே விடுங்க."

"இந்த முட்டியை வச்சுக்கிட்டா? அளவெடுக்க நான்தான் கிடைச்சேனா உனக்கு!"

முணுமுணுத்துக்கொண்டே மாமியார் சுவரைப் பிடித்து மெல்ல உட்கார்ந்தாள். அப்படியும் எட்டவில்லை, ஒருக்களித்துப் படுத்துக் கையை நீட்டினாள்.

"இடிக்குதுடி."

"அண்ணே, இன்னும் கொஞ்சம் தூக்குங்க."

தச்சர் ஆப்பை ஒரு தட்டுத் தட்டினார். மாமியாரின் கை மணிக்கட்டு வரை உள்ளே போனது. வளையல் கதவில் இடித்து, 'ணங்'கென்று நின்றது.

"போதும்ணே. இதான் அளவு."

தச்சர் அளவைக் குறித்துக்கொண்டார். "முடிஞ்சுதும்மா. கையை எடுத்துக்கோங்க."

"எடுக்க முடியலையே தம்பி" என்றாள் மாமியார். "உள்ளே பிடிச்சு வச்சிருக்கா."

மூன்று வருடங்களுக்கு முன், பிரசவத்துக்குப் போன ஆஸ்பத்திரியிலிருந்து வெறுங்கையோடு திரும்பி, இந்த அறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, யார் கூப்பிட்டும் திறக்காமல் கிடந்த அந்த நான்கு நாட்களும் மருமகள் பற்றிக்கொண்டிருந்தது, வெளியே தரையில் படுத்தபடி மாமியார் கதவுக்கடியில் நீட்டிய இதே கையைத்தான்.