வெயிலில் மின்னிய ஃபிலிம்

பழைய கேமராக்களைச் சேகரித்து, அவற்றின் வரலாற்றை வீடியோவில் சொல்லிவந்தார் சற்குணம். ஒருநாள் பழைய பொருள் கடையில் வாங்கிய இரட்டை லென்ஸ் கேமராவை மொட்டை மாடியில் வைத்துத் திறந்துகாட்டினார். உள்ளே யாரோ படமெடுத்த ஃபிலிம் சுருள் இருந்தது. "அடடா, வெயில் பட்டாச்சு, இனி ஒண்ணும் தேறாது" என்று சிரித்தபடி அதை உருவி, மாலைபோலக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அந்த வீடியோவை நிறையப் பேர் ரசித்தார்கள்.

சில வாரங்கள் கழித்து மரகதவல்லி என்ற பெண்மணி விசாரித்துக்கொண்டு வீட்டுக்கே வந்தார்.

"நான் ஆஸ்பத்திரியில இருந்தப்ப கொழுந்தனார் எங்க கேமராவத் தெரியாம வித்துட்டார் தம்பி. அதுல ஒரு ஃபிலிம் இருந்துச்சு. எம் பொண்ணு ஸ்கூல் விழாவுல ஆடுனத எங்க வீட்டுக்காரர் எடுத்தது. கழுவக் குடுக்குறதுக்குள்ள அவ போயிட்டா. அப்புறம் அவருக்கு மனசே வரல."

"கேமரா காலியாத்தாம்மா இருந்துச்சு" என்றார் சற்குணம்.

மரகதவல்லியின் முகத்தில் கோபம் எதுவும் தெரியவில்லை.

"வீடியோ பாத்துட்டுத்தான் வந்தேன்" என்றார்.

சற்குணம் தலைகுனிந்தார். "இப்பவே அந்த வீடியோவ அழிச்சுடுறேம்மா."

"வேண்டாம் தம்பி, அழிச்சுடாதீங்க. அந்த ஃபிலிம் வெயில்ல மின்னுற இடத்துல நிறுத்தி வெச்சுப் பாப்பேன். நீங்க சிரிக்கிறப்ப மட்டும் சத்தத்தக் கொறச்சுக்குவேன்."