தண்ணி காட்டியவர்கள்

"இவ்வளவு தண்ணி குடிச்சா ஒட்டகத்துக்கே வந்திருக்கும். உங்க ரெண்டு பேருக்கும் இன்னும் வரலையா?"

அதிகாரியம்மாவின் குரலில் எரிச்சல் கொதித்தது. சர்வதேச ஜூடோ போட்டி முடிந்து, கைதட்டல் அடங்கி, அரங்கில் மெத்தைகளைப் பெயர்த்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜெயித்தவர்கள் ஊக்கமருந்து எதுவும் எடுக்கவில்லை என்று சிறுநீர் கொடுத்து நிரூபித்தால்தான் பதக்கம் நிலைக்கும். மற்றவர்கள் எல்லாரும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். இந்தப் பரிசோதனை அறையில் மிச்சம், பெண்கள் பிரிவில் தங்கம் வாங்கியவளும் ஆண்கள் பிரிவில் வெண்கலம் வாங்கியவனும்தான். இருவரும் ஒரே அணி.

"முயற்சி பண்ணிட்டுத்தான் இருக்கோம் மேடம்" என்றாள் பெண், பாவமாக.

"எடையைக் குறைக்கணும்னு தண்ணியே குடிக்காம இருந்தோம். உடம்பு காஞ்சு கிடக்கு" என்றான் அவன்.

அதிகாரியம்மா பெருமூச்சு விட்டாள். கணவரின் கப்பல் இன்று காலையில்தான் கரைக்கு வந்தது. விடிந்தால் கிளம்பிவிடும். லீவு கேட்டதற்கு ஆள் இல்லை என்று கையை விரித்துவிட்டார்கள். அவரோடு இருக்கக் கிடைத்தது இந்த ஒரு சாயங்காலம். அதையும் இந்த இரண்டு பேர் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருந்தார்கள்.

போன் அடித்தது. கணவர்தான். "கிளம்பிட்டியா?"

"எங்க கிளம்பறது? ரெண்டு பேர் கல்லுளிமங்கனாட்டம் உக்காந்திருக்காங்க. நீங்க சாப்பிட்டுப் படுங்க."

"பரவால்ல, நீ வா. சேர்ந்தே சாப்பிடலாம்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

கதவு தடதடவென்று தட்டப்பட்டது. அணியின் கோச் தலையை நீட்டினாள். ஆகிருதியான பெண்மணி, கழுத்தில் விசில். "இன்னும் ஆகலையா? பஸ் நிக்குது! நான் உள்ள வந்து ஒரு அதட்டு அதட்டினா எல்லாம் தானா வரும்."

"துணைக்கு ஒருத்தர் உள்ள வரலாம்னு விதி இருக்கு" என்று அதிகாரியம்மா இருவரிடமும் திரும்பினாள். "கூப்பிடட்டுமா?"

"வேண்டாம்!" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"அவங்க முகத்தைப் பார்த்தா வர்றதும் உள்ள போயிடும் மேடம்" என்றான் அவன் மெதுவாக.

கோச் முறைத்துவிட்டுக் கதவைச் சாத்தினாள். அதிகாரியம்மா ஆளுக்கொரு புது பாட்டிலை நீட்டினாள். பெண்ணின் விரல்களில் பிளாஸ்திரி சுற்றியிருந்ததால் அவன்தான் மூடியைத் திருகிக் கொடுத்தான். அவளோ மறதியாக அவன் பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்துக்கொண்டாள்.

"ஏம்மா, அறிவிருக்கா? அவங்கவங்க பாட்டில்லதான் குடிக்கணும்னு தலைபாடா அடிச்சுக்கறேன். ஒரே டீம்னா எச்சில் பாட்டிலா? தம்பி, நீ அந்தக் கோடி நாற்காலிக்குப் போ!"

அவன் போனான். பேச்சு மட்டும் நிற்கவில்லை. "நீலம் வேண்டாம், வெள்ளையே இருக்கட்டும்" என்று அவள் சொல்வதும், "வெள்ளை சீக்கிரம் அழுக்காயிடும்" என்று அவன் முனகுவதும் காதில் விழுந்தன. நீலத்திலும் வெள்ளையிலும் வரும் ஜூடோ அங்கியைப் பற்றி இப்போது என்ன ஆராய்ச்சி என்று அதிகாரியம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுபடியும் கதவு. "பஸ்காரர் நிக்க மாட்டேங்கிறார். மத்த பிள்ளைங்க பசியில சுருண்டு கிடக்குதுங்க. நான் கிளம்பறேன்" என்றாள் கோச். "இவங்களைத் தனித்தனி டாக்சியில ஏத்தி விட்டுடுங்க. தனித்தனியா, மறந்துடாதீங்க!"

பஸ் உறுமிக்கொண்டு கிளம்பும் சத்தம் கேட்டது. அது தேய்ந்து மறைந்ததுதான் தாமதம், பெண் துள்ளி எழுந்தாள். "மேடம், வந்துடுச்சு!"

"எனக்கும்!" என்று அவன் பாய்ந்துபோய், மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்த ஆண் ஊழியரை உலுக்கி எழுப்பினான்.

பெண்ணின் குப்பி நொடியில் நிரம்பி வழிந்தது. அதை மூடி முத்திரை வைத்த அதிகாரியம்மாவுக்குச் சந்தேகம் முற்றிக் கோபமாகிவிட்டது.

"உண்மையைச் சொல்லு. இவ்வளவு நேரம் அடக்கி வெச்சுக்கிட்டுத்தானே உக்காந்திருந்தீங்க? தண்ணி காட்ட நான்தான் கிடைச்சேனா? விடிஞ்சா என் வீட்டுக்காரர் கப்பலேறப் போறார். அங்க அவர் சாப்பிடாம காத்துக்கிட்டிருக்கார்!"

பெண்ணின் கண்கள் நிறைந்துவிட்டன. "ஐயோ, சத்தியமா தெரியாது மேடம். தெரிஞ்சிருந்தா முதல் பாட்டில்லயே கொடுத்திருப்போம்." கொஞ்சம் தயங்கினாள். "என்கூட உக்காந்திருந்தாரே, அவர்தான் என் வீட்டுக்காரர். கல்யாணம் ஆன மறுநாளே பயிற்சி முகாம். அவருக்கு ஒரு விடுதி, எனக்கு ஒரு விடுதி. பேசினா கவனம் சிதறிடுமாம். வாடகை வீட்டு ஜன்னலுக்கு நீலத் திரை போடலாமா வெள்ளைத் திரை போடலாமான்னு பேசறதுக்கே இன்னிக்கு இந்த ரூம்லதான் நேரம் கிடைச்சுது."

"கட்டினவங்களைப் பிரிச்சு வைக்கறாளே, அந்தக் கோச்சுக்கு மனசாட்சியே கிடையாதா? உங்களுக்குக் கல்யாணம் ஆனது தெரியாதா அவளுக்கு?"

"தெரியாம என்ன மேடம்? என்னைப் பொண்ணு கேட்டு வந்ததே அவங்கதான். என் மாமியார்."

அதிகாரியம்மா போனை எடுத்து டாக்சிக்காரரைக் கூப்பிட்டாள். "ரெண்டு பேருக்கும் ஒரே வண்டி போதும்ப்பா. கொஞ்சம் சுத்திக்கிட்டே போ."